விற்ற ஃபியட்டை விசாரிக்கிறேன்

இப்போது என்னிடம் இருக்கும் கார் ஓயாமல் பேசுகிறது. பெல்ட் போடவில்லை என்று கத்தும். பின்னால் சுவர் வருகிறது என்று கத்தும். ஆனால் தனக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் மட்டும் வாயைத் திறக்காது. மஞ்சள் விளக்கு ஒன்றை ஏற்றிவிட்டுக் கம்மென்று இருக்கும். லேப்டாப்பும் கையுமாக ஒரு தம்பி வருவார், ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டு, "சென்சார், சார்" என்பார். எந்த சென்சார், அது எங்கே இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை.

எங்கள் வீட்டுப் பழைய பிரீமியர் பத்மினி இந்த ரகமில்லை. அதற்கு முடியவில்லை என்றால் தெருவுக்கே தெரியும்.

பத்மினி என்பது ஆர்.சி. புக்கில் மட்டும் இருந்த பெயர். மதுரையில் எல்லோருக்கும் அது ஃபியட்தான். பிறப்பும் அப்படித்தான். இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100, 1964-இல் பம்பாய் குர்லாவில் டிலைட்டாக வந்து, 1970-களில் பிரெசிடென்ட் ஆகி, அதன் பிறகு சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி ஆனது. ஜனாதிபதியாக இருந்துவிட்டு மகாராணி ஆனது இந்தியக் குடியரசில் அது ஒன்றுதான். எங்கள் பாட்டி மட்டும், நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கடைசிவரை சாதித்தார். வண்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் மறுக்க வழியில்லை.

அன்று புது ஃபியட் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. பல கை மாறிய வண்டியைத்தான் வாங்கினார். ஆகவே இனி நான் சொல்லும் குறை எதுவும் செய்தவர்களைச் சேராது. வண்டியின் வயசைச் சேரும், எங்கள் சிக்கனத்தையும் சேரும்.

அந்த வண்டியில் பயணி என்று யாரும் கிடையாது. ஏறிய எல்லோருக்கும் உத்தியோகம் உண்டு. கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் முன்சீட்டு ஒரே நீளப் பலகையாக இருக்கும். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், மனசு இருந்தால் நான்கு பேர். இடது ஓரத்தில் சித்தப்பா. ஜன்னலோரம் இருந்த குட்டி முக்கோணக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, வெளிக்காற்றை அப்பாவின் முகத்துக்கு அனுப்புவது அவர் இலாகா. எங்கள் ஏ.சி. அதுதான். பாட்டி எலுமிச்சம்பழ இலாகா.

அம்மாவுக்கு மருத்துவத் துறை. வெயில் ஏறினால் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது, வண்டி நின்றுவிடும். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசலைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பார். காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவது போல அப்பா அதை பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். ஆவி அடங்கும்வரை எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையைத் தின்போம். புளியோதரை தீர்வதற்கும் பம்ப் ஆறுவதற்கும் எப்போதும் சரியாக இருக்கும். அம்மாவின் அளவு அப்படி.

எனக்குக் கல் வைக்கும் வேலை. மலையில் வண்டி நின்ற மறுகணம் இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் இருந்தது. அதை நம்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கொடைக்கானல் போகிற எல்லோரும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிற்பது போட்டோ எடுக்க. நாங்கள் நின்றது ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க. நீர்வீழ்ச்சியை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

காலையில் செல்ஃப் எடுக்காது. இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை மிதித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்க, தெரு தள்ளும். எதிர்வீட்டு வங்கிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார், பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருவார். "விடுங்க சார் கிளட்ச!" என்று யாராவது கத்துவார்கள். அப்பா இயல்பில் சண்டைக்காரர். ஆனாலும் அந்தத் தெருவில் ஒருவரோடும் அவர் பேச்சை முறித்துக்கொண்டதில்லை. முறித்துக்கொண்டால் மறுநாள் காலையில் யார் தள்ளுவது?

இவ்வளவையும் மீறிப் படுத்துவிட்டால் வேப்பமரத்தடி மெக்கானிக் அண்ணன். அவரிடம் லேப்டாப் கிடையாது, காது இருந்தது. பானெட்டைத் தூக்கி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கேட்பார். டெல்கோ மூடியைக் கழற்றி, பாயிண்டில் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. வண்டி கிளம்பிவிடும். எது கெட்டது, எது சரியானது என்பது பக்கத்தில் நின்ற எனக்கும் புரியும். அந்த 1089 சி.சி. இன்ஜினில் ஒளிவு மறைவே கிடையாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. "நாலு பேர் சேர்ந்தா தூக்கிட்டுப் போயிடலாம், இதெல்லாம் ஒரு காரா?" என்றார் அப்பா. நாலு பேர் தினமும் தள்ளவேண்டிய காரை வைத்திருந்தவர் அவர். கடைசியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு சின்னக் கார் வந்தது, புரோக்கர் ஒருவர் ஃபியட்டை ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பார்த்து செல்ஃப் ஒரே தடவையில் எடுத்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மும்பையில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்தன. பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அதிலிருந்து எனக்கு இந்த ஆசை முற்றிவிட்டது. அந்த வண்டியே திரும்ப வேண்டும். வீட்டில் ஆதரவில்லை. "அதுல பெல்ட்டும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்கிறாள் மனைவி. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல், அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரரின் பெயரே எனக்குத் தெரியாது. முதல் அறிமுகத்திலேயே வண்டி தள்ளச் சொல்லி எப்படிக் கேட்பது?

எல்லாம் நியாயம்தான். இருந்தாலும் வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிரீம் நிறம். இப்போது எந்த நிறமோ. டாஷ்போர்டில் காம்பஸ் முனையால் கீறிய பிள்ளையார் ஒன்று இருக்கும். அப்பா பார்த்துவிட்டதால் தும்பிக்கை பாதியில் நின்றிருக்கும். உங்கள் ஊரில் எந்தத் தோப்பில், எந்தப் பட்டறையில், எந்தக் கோழி அதில் அடைகாத்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தகவல் சொல்லுங்கள். விலை விசாரிக்கும்போது மட்டும், எனக்கு ஆசை என்று காட்டிக்கொள்ளாதீர்கள்.