படநூலதிகாரம்: விளாங்குடியார் உரை

குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை மதிப்பிடும் தகுதி யாருக்கு உண்டு என்ற வழக்கை மதுரை எப்போதோ தீர்த்துவிட்டது. இறையனார் அகப்பொருள் உரை அந்தக் கதையைச் சொல்கிறது. அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் ஆளுக்கோர் உரை கண்டு, என்னுடையதே மெய்யுரை என்று மல்லுக்கு நின்றார்கள். யார் சொல்வது சரி என்று சொல்லக் காரணிகன் ஒருவன் வேண்டியிருந்தது. பேராசிரியர் எவரையும் கூப்பிடவில்லை. பாடநூல் குழுவும் அமைக்கவில்லை. உருத்திரசன்மன் என்ற வாய் பேசாத பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வயது ஐந்து. புலவர்கள் வரிசையாக வாசிக்க, பிள்ளை சும்மா இருந்தது. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் மட்டும் கண்ணீர் விட்டது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்தது. வழக்கு முடிந்தது, சபை கலைந்தது.

இத்தீர்ப்பு விளாங்குடிக்குச் செல்லுமோ எனின், செல்லும். 2011இல் விளாங்குடிப் பேரூராட்சி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வீட்டு வரி ரசீதே சான்று. ஆகவே சங்கப் பலகையின் ஆளுகை திண்டுக்கல் ரோட்டில் பாத்திமா கல்லூரியைத் தாண்டியும் நீளும் என்க. எம் வீட்டுக் காரணிகருக்கும் வயது ஐந்துதான். பெண். ஒரே வேறுபாடு, இவருக்கு வாய் உண்டு.

இவர் கண்ணீர் வார்க்கிற ரகமில்லை. கதை நடக்கும்போதே மடியை விட்டு இறங்கி, பல்லி பார்க்கப் போய்விட்டால் நூல் தள்ளுபடி. கடைசிப் பக்கம் முடிந்து, "இன்னொருக்கா வாசிங்கப்பா" என்றால் நூல் நிலைபெற்றது. இடைப்பட்ட தீர்ப்பு கிடையாது. விருதுக் குழுக்கள் 'பாராட்டத்தக்க முயற்சி' என்று எழுதுமே, அந்த இரக்கமெல்லாம் இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

படநூலாவது யாது? பெரும்பாலும் 32 பக்கம் உடையது. இந்த எண்ணில் கலைத் தத்துவம் ஒன்றும் இல்லை. பெரிய தாளை மடித்தால் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்றுதான் பக்கம் விழும், அச்சகத்துக்காரர் கணக்கு அது. நடுவில் இரண்டு பின் அடித்திருக்கும். அட்டைதான் முதலில் கழலும், நடுத்தாள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆகையால் எந்தக் கதையிலும் எம் வீட்டில் நன்கு ஆராயப்பட்ட பகுதி நடுப்பகுதியே. ஐரோப்பாவில் குழந்தைக்கென்று படம் போட்ட புத்தகங்களில் மூத்தது என்று கொமேனியஸ் 1658இல் நியூரம்பர்க்கில் வெளியிட்டதைச் சொல்வார்கள். அதுவும் லத்தீன் கற்பிக்க வந்த நூல்தான். குழந்தைக்குப் படம் காட்டுகிறவர் பின்கையில் ஒரு பாடத்தை மறைத்து வைத்திருப்பது அன்றே தொடங்கிவிட்டது.

படநூலுக்கு உரியவர் மூவர்: காசு கொடுப்பவர், வாய்விட்டு வாசிப்பவர், கேட்பவர். நம் ஊரில் அச்சாகும் புத்தகங்களில் பெரும்பகுதி முதலாமவரைப் பார்த்தே சிரிக்கிறது என்பது எமது துணிபு. ஐயமுடையார் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போய்த் திண்டுக்கல் வண்டியில் ஜன்னலோரம் உட்காருக. வண்டி கிளம்புவதற்குள் ஒருவர் ஏறி, கேட்காமலேயே ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டே போவார். திரும்பி வரும்போது காசையோ புத்தகத்தையோ வாங்கிக்கொள்வார். அதில் அ, ஆ உண்டு, ஏபிசிடி உண்டு, வாய்ப்பாடு உண்டு, பழம், பூ, மிருகம், தேசத் தலைவர் எல்லாரும் உண்டு. மொத்தப் படிப்பையும் சமயநல்லூர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை அது தகப்பனுக்குத் தருகிறது.

அந்த அகரவரிசையின் படங்கள் தனி ஆய்வுக்குரியவை. உ-வுக்கு உரல், கிரைண்டர் பார்த்த பிள்ளை அதைப் பூந்தொட்டி என்கிறது. ஒ-வுக்கு ஒட்டகம், வைகைக் கரையில் அதற்கு என்ன வேலை என்று எவரும் கேட்டதில்லை. ஔ-வுக்கு ஔவையார் ஒருவர்தான். வேறு ஆள் கிடைக்காததால் தலைமுறை தலைமுறையாகக் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், ஓய்வு கொடுப்பார் இல்லை. ஃ-க்கு எஃகு. எஃகை எப்படி வரைவது? ஓவியர் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பியை வரைந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். காரணிகர் அதைப் பார்த்து "குச்சி" என்றார். எழுத்து கற்பிக்க வந்த படம் எழுத்தை வைத்தே விளக்கப்படவேண்டியதாயிற்று.

யானையில் வேறொரு சிக்கல். மதுரைப் பிள்ளைக்கு யானை என்றால் மீனாட்சி அம்மன் கோயில் பார்வதி. ஆப்பிரிக்கக் காட்டில் நிற்கும் யானையைப் பார்த்ததும் காரணிகர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஏன்ப்பா நெத்தியில பட்டை போடல?" ஓவியர் யாராக இருந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இனி, வாசிப்பவர் செய்யும் விகாரங்கள். நம் இலக்கணத்தில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். சொல்லும் சொல்லும் புணரும்போது நிகழ்வன இவை என்பர். தகப்பனும் புத்தகமும் புணரும்போதும் இவையே நிகழ்கின்றன என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

தோன்றலாவது, நூலில் இல்லாதது வாயில் வருவது. முயல் கேரட் தின்றது என்று அச்சில் இருந்தால், "முயல் அடம் பிடிக்காம கேரட் தின்னுச்சு, பாத்தியா" என்று வாசிப்போம். 'அடம் பிடிக்காம' என்பது தோன்றிய சொல். சாப்பாட்டு வேளைக்குப் பக்கத்தில் இது மிகுந்து வரும்.

தகப்பன் செய்தால் தோன்றல் ஒரு வாக்கியத்தோடு போகும். பதிப்பாளர் செய்தால் அது கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் கடைசிப் பக்கத்தில் உட்காரும். அதற்குப் பெயர் 'நீதி'. தமிழ்க் குழந்தை நூல்களில் நீதி இல்லாத கதைக்குக் கொக்கிதான் போட்டுத் தேடவேண்டும். தாகமெடுத்த காக்கை பானையில் கல் போட்ட கதையை எடுத்துக்கொள்வோம். கதை பிழையில்லாதது. 2009இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் பேர்டும் நேத்தன் எமரியும் காக்கை இனத்து ரூக் பறவைகளிடம் நீர்க்குழாயும் கல்லும் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் ஒரு புழு மிதந்தது. பறவைகள் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்துக்கொண்டன. ஈசாப் கதை ஆய்வகத்தில் தேறிவிட்டது. ஆனால் எம் வீட்டில் தேறவில்லை. "அந்தக் கல்லெல்லாம் ரோட்டுல கெடந்ததுதானப்பா? கழுவாமயா போட்டுச்சு? அந்தத் தண்ணியவா குடிச்சுச்சு?" விடாமுயற்சி வெற்றி தரும் என்று கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தது. கேள்வி சுகாதாரம் பற்றியது. பதில் ஒழுக்கம் பற்றியது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு 1969இல் வந்தது. பக்கங்களில் ஓட்டை போட்டு அச்சிடுவது அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அச்சிட்டார்கள். அந்தப் புழுவுக்குச் சனிக்கிழமையன்று கேக், ஐஸ்கிரீம், சலாமி, தர்பூசணி என்று கண்டதையும் தின்று வயிறு வலிக்கிறது. மறுநாள் ஓர் இலை தின்று தேறுகிறது. பிறகு பட்டாம்பூச்சி ஆகிறது. அவ்வளவுதான். இது நம் ஊரில் எழுதப்பட்டிருந்தால் வயிற்றுவலியோடு கதை முடிந்து, அளவோடு உண் என்று கட்டம் விழுந்திருக்கும். பட்டாம்பூச்சி பிறந்தே இருக்காது. சலாமியை யாம் 'ஒருமாதிரி கறி' என்று உரை செய்தோம். காரணிகர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு, "இன்னொருக்கா" என்றார்.

திரிதலாவது, அச்சில் ஒன்று இருக்க வாயில் வேறொன்றாய் வருவது. 'நரி திராட்சைத் தோட்டத்திற்குச் சென்றது' என்று புத்தகத்தில் இருக்கும். அப்படியே வாசித்தால் பிள்ளை செய்தி கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கும். ஆகவே "நரி திராட்சைத் தோட்டத்துக்குப் போச்சு" என்று கண் ஒரு தமிழிலும் வாய் ஒரு தமிழிலுமாக ஓட்டுகிறோம். தமிழ்நாட்டில் குழந்தைக்குக் கதை வாசிக்கும் எவரும் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளரே. சிக்கல், பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கும் நாளில் வரும். காரணிகர் ஒருநாள் 'சென்றது' மேல் விரலை வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுல போச்சுன்னு இல்லையே. இத்தன நாளா நீங்க தப்பாவா வாசிச்சீங்க?" என்றார். சென்றதுக்கும் போச்சுக்கும் உள்ள தூரத்தை விளக்க ராத்திரி ஒன்பது மணி உகந்த நேரம் அன்று.

எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எளிதாக வழி கண்டார்கள். டாக்டர் சூஸ் 1957இல் தொப்பிப் பூனைக் கதையை 236 சொற்களில் முடித்தார். 1960இல் பதிப்பாளரோடு பந்தயம் கட்டி, ஐம்பதே சொற்களில் ஒரு முழுப் புத்தகம். நமக்கு அது ஆகாது. போனான், போனாள், போயிருக்கிறது, போகவில்லை, போகாமலிருந்திருக்கலாம் என்று 'போ' ஒன்றே அந்த 236ஐயும் விழுங்கி ஏப்பம் விடும். எனவே நம்மவர் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணினார்கள். கொம்பும் காலும் இல்லாத எழுத்துகள் மட்டும்: மரம். பழம். நகம். பட்டம். பிள்ளை கூட்டி வாசித்துவிடும், உண்மை. ஆனால் மரத்துக்கும் நகத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று அறியப் பக்கத்தைப் புரட்டும் ஆவல் எங்கிருந்து வரும்?

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் வந்தபோது புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தார்கள். நிலை ஒன்று, நிலை இரண்டு என்று எண் போடாததற்கே அவர்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். எண் போட்டிருந்தால் தெருவில் பெற்றோர், "உங்க பிள்ள எத்தனாவது நிலை?" என்று கேட்டுச் சர்க்கரைநோய்க் கணக்கு மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

திரிதலில் பெற்றோரின் சொந்த ஆசையும் அடங்கும். எம் தலைமுறையில் பலர் நியூ செஞ்சுரி கடையில் சொற்பக் காசுக்குக் கிடைத்த சோவியத் புத்தகங்களால் வளர்ந்தவர்கள். வழவழத் தாள், பனி, சமோவார், கரடி. சித்திரை வெயிலில் பனிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சுகம். 1991இல் அந்த நாடு போயிற்று, புத்தகமும் போயிற்று. பழைய பிரதியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பயபக்தியோடு விரித்தோம். காரணிகர் மூன்றாம் பக்கத்தில் பல்லி பார்க்கப் போய்விட்டார். யாம் அந்தப் புத்தகத்தை வாங்கியது எம் மகளுக்கன்று, அரைக்கால் சட்டை போட்ட வேறொரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை மீதியை ராத்திரி தனியாக வாசித்து முடித்தான்.

கெடுதலாவது, இரண்டு தாளை ஒன்றாக ஒட்டிப் புரட்டி, இடையில் உள்ள கதையை மறைத்தல். கால் வலி, மறுநாள் முதல் ஷிப்ட், கரண்ட் போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவற்றால் நிகழும். இதில் ஒரு நுட்பம் உண்டு. படம் சொல்வதையே எழுத்தும் சொல்லும் புத்தகத்தில் கெடுதல் அகப்படாது. படம் தனியாக ஒரு சங்கதி சொன்னால் உடனே அகப்படும். "நரி எப்பப்பா வீட்டுக்குள்ள வந்துச்சு?" எழுத்தில் நரியே இல்லை. இரண்டு பக்கம் முன்னால் ஜன்னலில் அதன் வால் மட்டும் தெரிந்ததை யாம் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார். படநூலின் தரத்தை அளக்க இதைவிட நம்பகமான கருவி இல்லை: தகப்பன் ஏமாற்ற முடியாத புத்தகமே நல்ல புத்தகம்.

இக்கருவியில் தேறுவன உள்ளன. சென்னையின் தூலிகா ஒன்பது மொழிகளில் படநூல் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாரா புக்ஸ் வெளியிட்ட, பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்களின் இரவு நூல் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டது. மையின் வாசம் மாதக்கணக்கில் போகாது. காரணிகர் அதைப் பார்க்குமுன் முகர்ந்தார். சாம்பார்க் கை படாத உயரத்தில் வைக்கவேண்டிய விலை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

இவ்வாய்வுக்கு மறுப்பும் உண்டு. காரணிகரின் அம்மாச்சி எழுப்பியது. "என்ன மாப்ள, கத சொல்றதுக்குக்கூடப் புஸ்தகத்தப் பாத்தா சொல்லுவீங்க?" அவர் கதையில் வரும் நரி ஒருநாள் கூடல்நகர் ஸ்டேஷனில் ரயிலேறும், மறுநாள் அதே நரி பரவை மார்க்கெட்டில் தக்காளி விற்கும். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் ஒரே மூச்சில். காரணிகர் ஒன்றுக்கும் ஆட்சேபிக்கவில்லை. அச்சில் ஒரு சொல் பிசகினால் நியாயம் கேட்கிறவர், அம்மாச்சிக்கு மட்டும் எல்லா வழுவையும் அமைதியாகக் கொள்கிறார். இதற்கு விதி கூற எம்மால் இயலவில்லை. பின்வருவோர் கூறுக.

அந்தத் தக்காளி விற்கும் நரியை அவர் அண்மையில் நூலாக்கியும் விட்டார். பழைய தினக் காலண்டர் தாளின் பின்பக்கம், மெழுகுக் கலர் ஓவியம், எட்டுப் பக்கம், எழுத்து இல்லை. பின் கிடையாது, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. நீதிக் கட்டம் இல்லை, ஆனால் தக்காளி கிலோ என்ன விலை என்று ஒரு மூலையில் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தோம். முதல் பதிப்பு இப்போது கிடைப்பதில்லை. அட்டையைத் தம்பி தின்றுவிட்டான்.