தலைநகரம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு கோலாலம்பூர் போகிறோம். தலைநகரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?
– வாசகி, வந்தவாசி

ட்வின் டவரை நான் சொல்லவே வேண்டாம். 88 மாடி, 452 மீட்டர். நீங்கள் தேடாவிட்டாலும் அது உங்களைத் தேடிப் பிடித்துவிடும். நான் சொல்ல ஆசைப்படுவது கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இடம். அந்த ஊர் பிறந்ததே அங்கேதான். அந்த முனையில் 1909-இல் கட்டிய ஜாமிக் மசூதி நிற்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் சுல்தான் அப்துல் சமத் கட்டடம், 1897-இல் முடிந்தது. அதன் வளைவுகளையும் குமிழ் மாடங்களையும் பார்த்தால் சென்னை உயர் நீதிமன்றம் ஞாபகம் வரும். வராமல் எப்படி? நம் உயர் நீதிமன்றம் 1892. ஐந்து வருஷத்தில் அதே பாணி கடல் தாண்டி அங்கே போயிருக்கிறது. பிள்ளைகளை அதன் எதிரில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

பத்துமலையில் 272 படி. 2006-இல் எழுப்பிய முருகன் சிலையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் குகைக்குள்ளும் போய் அண்ணாந்து பாருங்கள்.

இன்னொன்று. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் செஞ்சிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு தலைநகரம் எதைச் சாப்பிட்டது, எங்கே தண்ணீர் பிடித்தது, எந்த வழியாகத் தப்பித்தது என்பதெல்லாம் அங்கே திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்த கண்ணோடு கோலாலம்பூர் போனால் அந்த ஊரையும் கேள்வி கேட்கத் தோன்றும்.

செஞ்சியைக் கோட்டை என்றுதானே படித்தோம். தலைநகரம் என்கிறீர்களே?
– பள்ளி மாணவர், விழுப்புரம்

இரண்டு முறை தலைநகரம், தம்பி. முதலில் நாயக்கர்களுக்கு. கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1597-இல், பிமென்டா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தான் பார்த்த மிகப் பெரிய நகரங்களில் ஒன்று இது, தன் நாட்டில் லிஸ்பனைத் தவிர வேறெந்த ஊரும் இவ்வளவு பெரிதில்லை என்று எழுதி வைத்தார். தன் நாட்டுத் தலைநகரத்துக்கு அடுத்த இடத்தில் நம் செஞ்சியை வைத்திருக்கிறார்.

இரண்டாவது முறை மராத்தியர்களுக்கு. 1677-இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். அவருடைய மூத்த மகன் சம்பாஜியை 1689-இல் ஔரங்கசீப் கொன்ற பிறகு, இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். 1698 வரை மராத்திய அரசின் தலைமை இந்த மலைகளில்தான் இருந்தது. 'பிரதிநிதி' என்ற பெரிய பதவியே ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது உண்டாக்கியதுதான். உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

ட்வின் டவரா, கல்யாண மகாலா?
– வாசகர், கிள்ளான்

அங்கே லிஃப்ட் இருக்கிறது. இங்கே காற்று இருக்கிறது. செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலின் ஒவ்வொரு மாடியிலும் நடுவில் ஒரே அறை, சுமார் எட்டடிச் சதுரம். அதைச் சுற்றி நாலு பக்கமும் வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வரும். இப்படி எட்டு அடுக்கு, உச்சியில் கூம்பிய கூரை. சுடுமண் குழாய் வழியாக மாளிகைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மே மாத மத்தியானத்தில் வெளியே பாறை கொதிக்கும்போது அந்தத் தாழ்வாரத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கட்டியவன் நம் வெயிலோடு பிறந்து வளர்ந்தவன் என்பது தெரியும். இப்போது நாம் நம் ஊர்களில் கண்ணாடிப் பெட்டியாகக் கட்டிவிட்டு உள்ளே ஏசி போட்டுக்கொள்கிறோமே, அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

செஞ்சியைக் 'கிழக்கின் டிராய்' என்கிறார்கள். பொருத்தமா?
– வாசகர், ஆரணி

முற்றுகையின் நீளத்தைப் பார்த்தால் பொருத்தம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து சூழ்ந்தார். 1698-இல்தான் கோட்டை கைக்கு வந்தது. அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகப் போயே போய்விட்டார். ஆனால் இதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதில் அதே மதில், மலை அதே மலை. உள்ளே காவலுக்கு நின்றவர்கள் வேறு. எப்படியிருந்தாலும் செஞ்சிக்குச் செஞ்சி என்ற பேரே போதும்.

எனக்கு 68 வயது, முழங்கால் வலி. செஞ்சியில் ராஜகிரி மலை ஏற முடியாது. போய் என்ன பயன்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, திருவண்ணாமலை

அம்மா, தலைநகரமே கீழேதான் இருக்கிறது. மேலே இருப்பது தப்பிக்கும் இடம். வாசல் தாண்டியதும் கல்யாண மகால், பக்கத்தில் ஆனைக்குளம், குதிரை லாயங்கள், தடித்த சுவரும் வளைகூரையுமாக நெற்களஞ்சியம். களஞ்சியத்துக்குள் போய்க் கொஞ்சம் நில்லுங்கள். ஏழெட்டு வருஷ முற்றுகையைத் தாங்கியதில் பீரங்கியின் பங்கு எவ்வளவோ, இந்த மாதிரிச் சுவருக்குள் இருந்த நெல்லின் பங்கும் அவ்வளவு. பிறகு வேங்கடரமணர் கோயில், நாயக்கர் காலத்து வேலை. கோபுர வாசலின் உட்புறச் சுவர்ச் சிற்பங்களைக் கண் மட்டத்திலேயே பார்க்கலாம், கழுத்து வலிக்காது. 1717-18-இல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதியும் கீழ்க்கோட்டையில்தான்.

ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது, மேலே இருப்பவரை யாரும் தொட முடியாது. அந்த இடத்தில் நின்று கீழே பாருங்கள். எட்டு வருஷக் கணக்கு புரிந்துவிடும். குரங்குகள் கையிலிருக்கும் பையை நன்றாக அறியும். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து இழுத்து மூடிக்கொண்டு ஏறுங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள்.

தேசிங்கு ராஜா நிஜமா, கதையா?
– வாசகர், மயிலம்

நிஜம். பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர், அப்பா சொரூப் சிங். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கொடுக்க மறுத்து 1714-இல் போரில் இறந்தார். இருபதை ஒட்டிய வயது. செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. எத்தனையோ வருஷம் ஆண்டவர்கள் கல்வெட்டோடு நின்றுவிட, இந்தப் பையனை மட்டும் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் எடுத்துக்கொண்டன, 1960-இல் எம்.ஜி.ஆர். படமும் வந்தது. கதையில் என்னை உருக்குவது கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்து தேசிங்கோடு செத்த நண்பன் மோவுத்துக்காரன். ஒரு முஸ்லிம் வீரனையும் ஒரு ராஜபுத்திரனையும் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாட்டுக்காரன் தன் சொந்தப் பிள்ளைகளாக்கிப் பாடினான். இதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் கோட்டை என்றுதானே சேர்த்திருக்கிறார்கள். நம் ஆள் கட்டியதற்கு அவர்கள் பேரா?
– வாசகர், சென்னை

2025 ஜூலையில் சேர்ந்த பட்டியலில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. தலைப்பு மராத்திய ராணுவத்தைப் பற்றியது, அதற்குச் செஞ்சி பொருந்தும். ஆனந்தக் கோன் போட்ட அடித்தளம், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று இத்தனை கை பட்ட கோட்டை அது. பலகையில் யார் பெயர் இருந்தாலும், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முழு வரிசையையும் சொல்லிக் கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. கோபப்பட வேண்டுமானால் வேறொன்றுக்குக் கோபப்படுங்கள்: கல்யாண மகால் சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் கீறிய காதல் பெயர்களுக்கு. அந்தக் காதல் அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ, கீறல் நானூறு வருஷச் சுவரில் இருக்கும். காவலர் ஒருவர் எத்தனை சுவரைக் காப்பார்? பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை சொல்லலாம்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இருக்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையாமே? திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, திண்டிவனம்

ஆமாம், பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. எனக்கும் அங்கே போகும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் கேட்க வேண்டாம். பிடுங்கிய தூணை மறுபடி பிடுங்கினால் கல்லுக்குத்தான் சேதம். செஞ்சித் தூண் என்று அதன் பக்கத்தில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பாங்காக்கில் வாட் அருண் கோயிலில் பீங்கான் ஒட்டியிருக்கிறார்களே, எதற்கு?
– வாசகர், செஞ்சி

சீனாவிலிருந்து வரும் கப்பல்கள் ஆட்டம் காணாமல் இருக்க அடியில் பாரமாக ஏற்றி வந்த பீங்கான் அது. கொட்டிவிட்டுப் போக வேண்டியதைக் கோபுரத்தில் பூவாக ஒட்டிவிட்டார்கள். கிட்டே போனால் கிண்ண விளிம்பும் தட்டின் வளைவும் தெரியும். எட்ட நின்று படமெடுத்துவிட்டு வராதீர்கள்.

கட்டடக் கலை படிக்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்கே ஆரம்பிக்கலாம்?
– கல்லூரி மாணவி, புதுச்சேரி

மண்டகப்பட்டில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திக்கும் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் பெருமையோடு கல்லில் சொன்ன இடம் அது, ஏழாம் நூற்றாண்டு. சின்னக் குடைவரைதான். அப்புறம் தளவானூர், அப்புறம் பனமலை. குடைந்து செய்ததும் அடுக்கிக் கட்டியதும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிறகு எங்கள் ஊர் மேல்சித்தாமூருக்கு வாருங்கள்.

உங்கள் ஊர் மேல்சித்தாமூரில் சமணக் கோயிலுக்கு ராஜகோபுரம் இருக்கிறதாமே! சமணத்தில் கோபுரம் உண்டா?
– வாசகர், காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம். எங்கள் ஊர் மடத்துக்கு ஜினகாஞ்சி மடம் என்றுதான் பெயர். உங்கள் ஊரோடு உள்ள உறவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்கு இதுதான் தலைமை மடம். பட்டத்துக்கு வருகிற அடிகள் ஒவ்வொருவரும் லட்சுமிசேனர் என்ற பெயரே ஏற்பார்.

கோபுரம் உண்டு. பார்சுவநாதர் கோயிலில் நெடிதாய் உயர்ந்து நிற்கிறது. தூரத்து வயல் வரப்பில் வருகிறவர் சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா என்றுதான் நினைப்பார். கிட்டே வந்து நிமிர்ந்தால் அடுக்கடுக்காகத் தியானத்தில் உட்கார்ந்த தீர்த்தங்கரர்கள். இதில் ஆச்சரியம் ஏன்? உளி பிடித்தவனுக்குத் தெரிந்தது இந்த மண்ணின் கோயில் வேலை. அதையே இங்கேயும் செய்தான். உள்ளே மண்டபம், கொடிமரம், தேர் எல்லாம் தமிழ்க் கோயிலின் அங்கங்கள். கருவறையில் மட்டும் எந்த ஆயுதமும் எந்த ஆபரணமும் இல்லாத ஒரு உருவம்.

இதற்கும் பழையது பக்கத்து மலைநாதர் கோயில். அங்கே ஒரு பாறையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பாகுபலியின் காலைப் பாருங்கள்: அசையாமல் நின்றதால் கொடி சுற்றி ஏறியிருக்கும். பார்சுவநாதர் தலைக்குமேல் பாம்புப் படம். அம்பிகை யட்சி தனி அழகு. விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதைவிடக் காலைப் பக்கவெளிச்சத்தில் கொடியின் சுற்று நன்றாகத் தெரியும். ராஜா கட்டிய கோட்டையெல்லாம் காலியாகிவிட்டது. இந்தப் பாறைக்கு இன்றும் அபிஷேகம் நடக்கிறது, பூ வைக்கிறார்கள். சுற்று வட்டாரத் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்கள் பயிர் வைப்பதும் கல்யாணம் பேசுவதும் இந்த மடத்தை வைத்துத்தான். செஞ்சி வரை வந்துவிட்டு இங்கே வராமல் போகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து வரலாம் போலிருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வரிசை சொல்லுங்கள்.
– வாசகி, கோலாலம்பூர்

விடிந்ததும் ராஜகிரி. இறங்கி வந்து கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர். வெயில் ஏறினால் சிங்கவரம் போய்விடுங்கள். பள்ளிகொண்ட ரங்கநாதரைப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அங்கிருந்து திருநாதர்குன்று. மேலே ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. பக்கத்தில் கல்வெட்டு ஒன்று உண்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் என்கிறது, தமிழில், ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முந்திய எழுத்தில். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அதைத் தேடிப் பாருங்கள்.

பிறகு மேல்சித்தாமூர். ஆட்டோக்காரரிடம் சித்தாமூர் என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பெயரில் வேறு ஊர்களும் உண்டு. 'ஜைன மடம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். தோல் பையையும் பெல்ட்டையும் வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். இங்கே பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கம் இல்லை. ஆகவே சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குள் வந்து சேருங்கள்.