உப்புக் கணக்கு

புத்தளத்து உப்பில் பாதி என் உடம்பில்தான்! இதயத்தில் உதவாக்கரைப் பை ஒன்று தொங்குகிறதாமே, வெட்டி எறிந்தால் என்ன?
— வாசகர், கற்பிட்டி

உதவாக்கரையா? இடது சோணையறையின் ஓரத்தில் தொங்கும் அந்தப் பை, அறை இரத்தத்தால் விரியும்போது ஹோர்மோன் சுரந்து, உப்பை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஆளனுப்புகிறது. நீங்கள் ஏற்றுகிறீர்கள், அது இறக்குகிறது. கூலியாவது கொடுங்கள்.

பிறகேன் டாக்டர்மார் அதை அடைக்கிறார்கள்?
— அதே வாசகர், விடுவதாயில்லை

உங்கள் களப்பைப் பாருங்கள். வாய் வடக்கே. தெற்கே பாலாவிப் பக்கம் தண்ணீர் தேங்கி உப்பேறும், அங்கே உப்பளம் போட்டார்கள். சோணையறை துடிக்காமல் நடுங்கும் நோயில் இந்தப் பைக்குள்ளும் இரத்தம் தேங்குகிறது, ஆனால் விளைவது கட்டி. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்குப் பத்தில் ஒன்பது கட்டிகள் இங்கேதான் பிறக்கின்றன. ஒன்று மூளைக்குக் கப்பலேறினால் பாரிசவாதம்.

தடுக்கப் பலருக்கு மாத்திரை போதும். அதில் பழையது வார்ஃபரின். 1948-இல் எலிப்பாஷாணமாகச் சந்தைக்கு வந்தது! அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொடை நாளம் வழியே கருவி அனுப்பிப் பையின் வாயை மூடுகிறார்கள். 2015-இல் அமெரிக்கா அனுமதித்த கருவியின் பெயர் 'வாட்ச்மேன்'. இரவும் பகலும் வாசலில் நிற்பான். உங்களிடம் சம்பளம் கேட்காத ஒரே ஆள்.

நாடி தாறுமாறாக ஓடினால், எனக்கு எழுதாமல் ஈசிஜி எடுங்கள்.