பாடத் தெரியுமா, ஆடத் தெரியுமா, பட்டினி கிடக்கத் தெரியுமா?

பெங்களூரில் பாடி, ஆடி, நடித்துப் பிழைக்கலாம் என்று கிளம்பியிருக்கும் பிள்ளைகளே, தொண்டையும் இடுப்பும் முகபாவமும் போதாது. பகலில் சாப்பாடு டெலிவரி செய்ய ஒரு பைக் வேண்டும். வாடகை கேட்காத மாமா ஒருவர் இருந்தால் இன்னும் விசேஷம். முன்பணம் கட்டி வார இறுதிப் பயிலரங்கில் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம்; கற்றதைக் காசில்லாமல் மேடையேற்ற இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

இதே கர்நாடகத்தில் 1884இல் குப்பி என்ற ஊரில் ஒரு நாடகக் கம்பெனி பிறந்தது. அதை வளர்த்த குப்பி வீரண்ணா ‘குருக்ஷேத்ர’ நாடகத்துக்கு நிஜ யானையையே மேடையேற்றினார். யானைக்கே தீனி போட்ட தொழில் ஐயா அது! இன்று நடிகன் தண்ணீர் பாட்டில் கேட்டாலே தயாரிப்பாளருக்குப் பட்ஜெட் இடிக்கிறது. தாளவாடிப் பக்கத்துக் காஜனூர் முத்துராஜ், கன்னடத் திரை நடிகர் ராஜ்குமார் ஆவதற்கு முன் பாட்டும் நடிப்பும் பழகியது அந்தக் குப்பி கம்பெனியில்தான். நாடக இயக்குநர் பி.வி. காரந்த் சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். கம்பெனிகள் ஒன்றும் சொர்க்கமில்லை. சிறுவர்களை வைத்து நடத்திய நம் தமிழ்நாட்டு பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டோடு பிரம்படியும் பாடத்திட்டத்தில் இருந்தது. ஆனால் அடித்தவர்கள் சோறும் போட்டார்கள். இப்போது அடி மட்டும்தான் மிச்சம், அதுவும் சிரித்துக்கொண்டே.

அவுட்டர் ரிங் ரோட்டில் ஏதாவது ஒரு ஐடி கம்பெனியின் ஆண்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். “மூணு ஆர்ட்டிஸ்ட் எதுக்கு சார்? எல்லாம் பண்ற ஒரே ஆள் போதும்” என்று பேசி முடித்திருப்பார்கள். அந்த ஒரே ஆள் கன்னத்தில் மைக்கை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, சட்டைமேல் சட்டை மாட்டிக்கொண்டு, ராஜாவாகப் பாடி, ராணியாக ஆடி, சேவகனாகத் தன் சிம்மாசனத்தைத் தானே தூக்கிக்கொண்டு போவான். கைதட்டல் பிரமாதமாக இருக்கும். மனிதவளத் தலைவி மேடையேறி “வாட் எ வெர்சடைல் டேலண்ட்!” என்பார். பஃபே பக்கம் அவன் கால் வைத்ததும், “ஆர்ட்டிஸ்டுக்கெல்லாம் பின்னாடி பொட்டலம் வெச்சிருக்கு” என்று ஒரு கை வழிமறிக்கும். சம்பளமா? வெண்டர் ஃபாரம், பான் கார்டு, கேன்சல்ட் செக் எல்லாம் கொடுத்துவிட்டுத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். மின்சார வாரியத்திடமும் வீட்டு ஓனரிடமும் இதே தவணையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ரசிகப் பெருமக்கள் மட்டும் சளைத்தவர்களா? 2023இல் மும்பை அம்பானி அரங்குக்கு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகம் வந்தபோது விமானம் ஏறிப்போய்ப் பார்த்துப் படம் போட்டவர்கள், உள்ளூர் நாடகம் என்றதும் “ரெண்டு பாஸ் கிடைக்குமா?” என்பார்கள். அரசாங்கமும் தன் பங்குக்கு 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு தந்திருக்கிறது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரி கட்டும் அளவுக்கு எங்களுக்கு விலை வைக்கவாவது யாராவது துணியட்டுமே!

ஜே.சி. ரோட்டில் தாகூர் பேரில் 1963இல் திறந்த ரவீந்திர கலாக்ஷேத்ரா இருக்கிறது. தானே எழுதிய பாட்டு நாடகத்தில் பத்தொன்பது வயதிலேயே வால்மீகியாக நடித்தவர் தாகூர். இன்று அவர் இந்த ஊரில் வந்து நின்றால் நம் ஈவென்ட் மேனேஜர் என்ன கேட்பார்? “எழுத்து, பாட்டு, நடிப்பு எல்லாம் ஓகே சார். நடுவுல ஸ்டாஃபுக்கு ரெண்டு கேம்ஸ் நடத்திக் கொடுத்துடுவீங்கள்ல? அதுக்குத் தனியா எதுவும் எதிர்பார்க்காதீங்க, நல்ல எக்ஸ்போஷர்.”