புல்லட்டை நிறுத்துதல்: குற்றாலச் சாரலை முன்வைத்து

டிரம் பிரேக் என்பது, சுழலும் சக்கரக் குடத்தின் உள்ளே பிறை வடிவிலான இரண்டு கட்டைகளை விரியச் செய்து, அவற்றின் முதுகில் ஒட்டிய லைனிங் எனும் உராய்வுப் பட்டையைக் குடத்தின் உட்சுவரில் அழுத்தி வண்டியை நிறுத்தும் அமைப்பாகும். இவ்வரையறையில் ‘நிறுத்தும்’ என்ற சொல்லை மட்டும் தென்காசி வட்டாரத்தில் பழைய புல்லட் வைத்திருப்போர் ஒப்புக்கொள்வதில்லை. பிரேக் ஷூ எனப்படும் இக்கட்டைகள் 1902இல் பிரான்சின் லூயி ரெனோ கார்களுக்குப் பயன்படுத்திய முறையின் வழிவந்தவை என்பதும், 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் புல்லட்டும் அவ்வழியிலேயே வந்தது என்பதும் வரலாறு. புல்லட் நிற்காது என்பது வரலாறன்று, வதந்தி. அதில் பெரும்பகுதி, வண்டியைக் கைமாற்றாக வாங்கிச் சென்றவர்களால் பரவியது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருப்பதோடு, கியர் பெடலைக் கீழே அழுத்தினால் மேல் கியர் விழும் என்பதால், பிரேக் என்று நம்பி வலக்காலை ஊன்றும் மைத்துனர் நிற்பதற்குப் பதிலாக அடுத்த கியருக்குப் பதவி உயர்வு பெறுகிறார்.

எஞ்சிய பழி உண்மையானது. அதைத் தீர்க்க உள்ளமைப்பை அறிய வேண்டும். குடம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவைச் சுழற்சியே இன்னும் உள்ளே இழுத்து அழுத்துவதால் அது முன்னோடி ஷூ எனவும், எதிர்த் திசையில் விரிவதால் சுழற்சியால் தள்ளிவிடப்படும் மற்றது பின்னோடி ஷூ எனவும் பெயர் பெறும். இரண்டையும் முன்னோடியாக்கியதே பிற்காலப் புல்லட்டின் 7 அங்குல முன்பிரேக். இந்த ஏற்பாடு முன்னே செல்லும் வண்டிக்கு மட்டுமே விசுவாசமானது. புளியரை மலைச்சாலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று வண்டி பின்னே உருளத் தொடங்கினால், இரண்டு முன்னோடிகளும் ஒரே நொடியில் பின்னோடிகளாகிவிடுவதால், அங்கே பின்பிரேக்கையும் குலதெய்வத்தையும் ஒருசேர நாட வேண்டியிருக்கும்.

பட்டறைகளில் வழங்கும் முதல் மருந்து புது லைனிங். நோய் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. புது லைனிங்கின் வளைவும் பல்லாண்டு தேய்ந்த குடத்தின் வளைவும் ஒத்துப்போகாதபோது, லைனிங்கின் நடுவோ முனைகளோ மட்டுமே உரசி, மற்ற பரப்பு கல்யாண வீட்டுப் பங்காளிபோல் வந்து நின்றும் வேலை செய்யாதிருக்கும். குடத்தின் உட்சுவரில் சாக்பீஸ் தடவி, சக்கரத்தைச் சுழற்றி மெல்லப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பார்த்தால், வேலை செய்யும் இடங்கள் வெள்ளையாகத் தெரியும். அவ்விடங்களை உப்புத்தாளால் தேய்த்து, முழுப் பரப்பிலும் வெள்ளை ஏறும்வரை மீண்டும் மீண்டும் செய்வதே உண்மையான சிகிச்சை. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அத்தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது. ஸ்போக் கம்பிகளின் இழுவையால் குடமே வட்டம் பிசகியிருந்தால், சக்கரத்தைப் பிரிக்காமல் அப்படியே லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். 19 அங்குலச் சக்கரத்தை ஏற்கும் லேத்தைத் தேடி அலைவது தனியொரு தலயாத்திரை. இக்கட்டுரையாளர் அவ்வாறு அலைந்தபோது, பெயர் குறிப்பிடத் தேவையற்ற ஒரு பட்டறையில், “புல்லட்டுன்னா பிரேக்கு அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்” என்று மருத்துவர் கைவிரிக்கும் தொனியில் ஆறுதல் கூறப்பட்டது.

இவற்றின்பின் செலவில்லாத சில்லறை வேலைகள் உள. இரு ஷூக்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைத் திருத்தி இரண்டும் ஒரே கணத்தில் தொடச் செய்வதும், அச்சு நட்டைத் தளர்த்திப் பிரேக்கைப் பிடித்தபடியே மீண்டும் இறுக்கி ஷூத் தட்டை நடுவில் அமர்த்துவதும், பிரேக் பிடிக்கையில் கேபிளும் நெம்புகோலும் ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கப் பார்ப்பதும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவும் செய்து முடிக்கையில் ஜூன் பிறந்து சாரல் வந்துவிடும். மூலிகைகளைத் தழுவி வருவதாகச் சொல்லப்படும் குற்றால அருவி நீர் மனித உடலுக்கு என்ன செய்தாலும், லைனிங்குக்கு நன்மை செய்ததில்லை. டிஸ்க் தன்மேல் விழுந்த நீரை உதறிவிடும், டிரம்மோ உள்ளே புகுந்த நீரை விருந்தாளியைப்போல் வைத்துக்கொள்ளும். ஐந்தருவிச் சாலையில் ஈரம் உறிஞ்சிய வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே இலேசாகப் பிரேக் பிடித்துவந்தால், பிறக்கும் சூட்டில் ஈரம் உலரும். அதே சூடு மலையிறக்கத்தில் பகையாகிவிடும்: ஆட்களோடு 300 கிலோ எடையுள்ள வண்டியை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்த ஏறத்தாழ 42 கிலோஜூல் வெப்பமாக வேண்டும், செங்குத்தாக 100 மீட்டர் இறங்குவதற்கு அதுபோல் ஏழு மடங்கு. சூடேறிய குடம் விரிந்து ஷூவைவிட்டு விலகுவதாலும், லைனிங்கின் பிடிப்பே குறைவதாலும், ஆரியங்காவிலிருந்து இறங்குவோர் கீழ் கியரில் இறங்கி எஞ்சினையும் கொஞ்சம் உழைக்கவிடுவது முறை.

சாக்பீஸும் உப்புத்தாளும் கண்ட அந்தப் புல்லட், முன்பு தென்காசிக் கோபுர வாசலின் எதிர்காற்றை நம்பி நின்றதுபோய், இப்போது பார்டர் பரோட்டாக் கடை வாசலில் நினைத்த இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பின்னிருக்கையாளரின் ஹெல்மெட் முன்னிருப்பவரின் ஹெல்மெட்டில் மணியடிப்பதால், இருபதாண்டுகளாகப் பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லிவந்த இல்லத்தரசியார், பழைய பிரேக்கே இருக்கட்டும் என்று கோரியுள்ளார்; அம்மனு பரிசீலனையில் உள்ளது.