பழுப்பு உறையும் பெர்ரிப் பயணமும்

எக்ஸ்ரே படத்தைப் பெரிய பழுப்பு உறையில் போட்டு, மடங்காமல் நனையாமல் தூக்கிக்கொண்டு பினாங்குத் தீவுக்குப் போன தலைமுறையா நீங்கள்? அப்படியானால் இந்தக் கதையில் பாதி உங்களுடையது.

சிம்பாங் அம்பாட்டில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்து, கரையிறங்கி ரெசிடென்சி சாலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விலை கூடிய கருவி எதுவானாலும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் என்பது 1985இல் பாலம் திறப்பதற்கு முந்திய எங்கள் பூகோளம். பெர்ரியின் மேல்தட்டில் அப்பாவின் நெஞ்செலும்புகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்று தீர்ப்புச் சொன்ன அரைக்கால் சட்டை டாக்டர் நான். போகும்போதுதான் காசு, திரும்பும்போது பெர்ரி இலவசம். அந்த மிச்சத்தில் பினாங்கு ரோட்டில் ஆளுக்கொரு செண்டோல். அப்பாவின் இருமல் சீக்கிரம் குணமாகிவிடப் போகிறதே என்று உள்ளூர ஒரு கவலைகூட எனக்கு இருந்தது.

இன்றைக்குப் படம் கணினி வழியே நமக்கு முன்னால் போய் டாக்டரின் மேசையில் காத்திருக்கிறது. நாம் பின்னால், பத்து காவானில் ஐகியாவைக் கடந்து, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு போகிறோம். உப்புக்காற்றுகூட உள்ளே வருவதில்லை.

அதே 2014இல்தான் சுகாதார அமைச்சு மலாக்கா, மத்தியப் பகாங், தாவாவ் என மூன்று இடங்களில் கிளஸ்டர் மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கியது. படுக்கை, அறுவைக் கூடம், நிபுணர், கருவி எல்லாம் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் பொது. புதுமை என்று பாராட்டினார்கள். பல தோட்டங்கள் காசு போட்டு நடத்திய குரூப் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற என் பாட்டி கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாள். கதிரியக்கச் சிகிச்சைக்கு அரசு நோயாளிகளை, கன்னியாஸ்திரிகள் 1976இல் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்கு அனுப்பியதும் இதே கைமாற்றுதான்.

தீவின் மற்ற தனியார் மருத்துவமனைகளுக்கு இந்த வழக்கமெல்லாம் கிடையாது. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து சிகிச்சைக்கு விமானத்தில் வருகிறவர்களுக்காக ஆளுக்கொரு ஸ்கேன் கருவி வைத்துப் போட்டி போடுகிறார்கள். பங்கு போட்டுக்கொள்ளும் பெருந்தன்மை, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி கட்டி அரசு மருத்துவமனையில் உட்காரும் எங்களோடு சரி. அங்கே பக்கத்து நாற்காலிக்காரர் எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, எப்படியோ சொந்தம் என்று கண்டுபிடிக்கப் போகும் நேரம் பார்த்து எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.