கீழே கிடப்பவருக்கு ஒரு புத்தகம்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையின் புத்தகம் எதைப் புரட்டினாலும் படத்துக்குப் படம் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அட்டையில் போடுவது மேலே இருப்பவர் பெயரை. கீழே கிடப்பவருக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். புத்தகத்தை வாங்குகிறவர் தன்னை மேலே இருப்பவராகவே நினைத்துக்கொண்டு பணம் கொடுக்கிறார் என்று பதிப்பாளர்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்த மயக்கம் கிடையாது. நான் சேர்ந்திருக்கும் அகாடமியில் எனக்கு அதிகம் பழக்கமானது அதன் கூரை. எந்த டியூப்லைட் கண் சிமிட்டுகிறது, எந்த ஃபேன் கிறீச்சிடுகிறது, பல்லி எந்த மூலையில் குடியிருக்கிறது என்றெல்லாம் கோச்சைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு வழக்கமாக ஜோடி சேருகிறவன் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பையன். மரியாதை தெரிந்த பிள்ளை. "அங்கிள், ரோல் பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவான். அரை நிமிடத்தில் என் நெஞ்சின் மேல் உட்கார்ந்து, என் சட்டைக் காலராலேயே என் கழுத்தை நெரித்தபடி, "சாரி அங்கிள். மூச்சு வருதா அங்கிள்?" என்பான். வருகிறது என்று சொல்லவாவது கொஞ்சம் மூச்சு வேண்டாமா? 'தோற்றேன், விடு' என்று அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவேன். 'டேப்' என்கிற அந்த ஒரு வித்தையை மட்டும் நான் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டேன்.

ஆகவே புத்தகம் வாங்க முடிவு செய்தேன். "புக்கு படிச்சா மேல உக்காந்திருக்கிற பையன் எறங்கிடுவானா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், தொப்பையோடு ஒரு கலையைத் தொடங்குகிறவனுக்கு உடம்பு செய்யாத உதவியை அச்செழுத்தாவது செய்யாதா?

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் வரலாற்றில்தான் தொடங்கும். அந்தப் பக்கங்களில் அநேகமாக யாரும் யார் கையையும் முறுக்குவதில்லை என்பதால் நான் ரசித்துப் படிப்பது அவற்றைத்தான். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்கு வருகிறார். பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கார்லோஸ் தம்பிகளுக்குச் சொல்லித்தருகிறார். கடைக்குட்டி ஹீலியோ நோஞ்சான். பலத்தால் முடியாததை நெம்புகோல் கணக்கால் சாதித்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. 

'அநேகமாக' என்றேனே, அந்த விலக்கு 1951. ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவோடு ஹீலியோ மோதினார். அப்போது அவருக்கு 38 வயது. கிமுரா அவர் கையைப் பின்னால் வளைத்துத் திருகினார். ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் பொறுக்க முடியாமல் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். அதன்பின் அந்தப் பிடிக்கே 'கிமுரா' என்று பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் பங்காளிச் சண்டையில் ஜெயித்தவன் பெயரைத் தெருநாய்க்கு வேண்டுமானால் வைப்பார்கள். இவர்கள் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பல பாணிச் சண்டைக்காரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், ஹீலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூன்று பேரைச் சாய்த்தார். அவர் எடை சுமார் 80 கிலோதான். அதைப் பார்த்த உலகம் 'இதை எனக்கும் சொல்லிக்கொடு' என்று வரிசையில் நிற்க, புத்தகங்களும் வரத் தொடங்கின.

நான் முதலில் வாங்கியது ரென்சோ கிரேசியும் ஜான் டானஹரும் எழுதி 2003இல் வந்த 'மாஸ்டரிங் ஜுஜிட்சு'. டானஹர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். பக்கத்துக்குப் பக்கம் அது தெரிகிறது. சண்டை என்பது விலகி நின்று மோதுவது, கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்பது, தரையில் உருள்வது என்று மூன்று கட்டம் என்கிறார்கள். அருமையான சிந்தனை. சாய்வு நாற்காலியில் படிக்க இதைவிட நல்ல புத்தகம் இல்லை. சிக்கல் என்னவென்றால், என் சண்டையில் முதல் இரண்டு கட்டங்களும் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். மூன்றாவதில்தான் எனக்கு நிரந்தர வாசம்.

அடுத்து எடி பிராவோவின் 'மாஸ்டரிங் தி ரப்பர் கார்டு', 2006இல் வந்தது. கீழே கிடக்கிறவர் தன் காலைத் தூக்கி எதிராளியின் கழுத்துக்குப் பின்னால் போட்டு அடக்க வேண்டும். கீழே கிடப்பவரைப் பற்றித்தான் என்றதும் ஆசையாகப் பிரித்தேன். 'நியூயார்க்', 'சில் டாக்', 'ஸோம்பி' என்று நிலைகளுக்குப் பெயர்கள். சாக்ஸ் போடும்போதே 'முருகா' என்கிறவன் நான். என் கால் நியூயார்க் போவதற்குள் நானே ஸோம்பி ஆகிவிடுவேன்.

எந்தப் புத்தகமானாலும் படங்களைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. இரண்டு பேருக்கும் வெள்ளைக் 'கீ' (பயிற்சி உடை) போட்டுப் படம் எடுத்திருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பிசைந்த இடியாப்பத்தில் எந்த இழை எங்கே தொடங்குகிறது என்று தேடுவது போலாகிவிடும். எந்தக் கால் யாருடையது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்கு நீலம் என்றால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றில் கீழே கிடந்தவர் நான்கில் மேலே இருப்பார். நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம்.

வீட்டில் ஒத்திகை பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மச்சினன் சிக்கினான். புத்தகத்தைத் தரையில் விரித்துவைத்து, அவனைப் படத்தில் இருப்பதுபோல் படுக்கவைத்தேன். என் இரு கைகளும் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஃபேன் காற்று நாற்பது பக்கம் புரட்டிவிட்டது. "மாமா, இப்ப என் காலை எதுக்குப் புடிக்கிறீங்க? கையிலதான ஆரம்பிச்சோம்?" என்றான். புத்தகத்தைப் பார்த்தபடியே, "போட்டிருக்கு மாப்ள, பேசாம இரு" என்றேன். அவன் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

கடைசியில் எனக்கென்றே எழுதியதுபோல் ஒன்று கிடைத்தது. சௌலோ ரிபெய்ரோ, கெவின் ஹோவெலுடன் சேர்ந்து எழுதி 2008இல் வெளிவந்த 'ஜியு-ஜிட்சு யுனிவர்சிட்டி'. பல முறை உலக சாம்பியனான மனிதர், தொடக்கநிலை வெள்ளைப் பெல்ட்காரனுக்கு ஒதுக்கியிருக்கும் பாடம் 'பிழைத்துக் கிடப்பது'. அவ்வளவுதான். அவனை ஜெயிக்கச் சொல்லவில்லை, தப்பிக்கக்கூடச் சொல்லவில்லை. முதுகில் ஏறிவிட்டானா, கழுத்தைக் காக்க உன் கை எங்கே இருக்க வேண்டும். நெஞ்சில் உட்கார்ந்துவிட்டானா, முழங்கையை எப்படி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகக் காட்டுகிறார். தப்பிப்பது நீலப் பெல்ட்டில், கீழே கிடந்தபடி காலால் அடக்கும் 'கார்டு' ஊதாவில், அடுத்தவர் கார்டைக் கடப்பது பழுப்பில். எதிராளியைப் பிடித்து முடிக்கும் பாடம் கறுப்புப் பெல்ட்டில்தான். கறுப்புக்குப் போகப் பத்து ஆண்டு பிடிப்பது இந்தக் கலையில் சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அறுபதாம் கல்யாணத்துக்குள் கைக்கு வந்துவிடும். மாலை மாற்றும்போது இடுப்பில் பெல்ட்டும் கட்டிக்கொள்ளலாம்.

அந்த முதல் பாடத்தைத் தவிர வேறெதையும் நான் புரட்டுவதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, கையைக் காலர் பக்கம் வைத்துக்கொண்டு பயிற்சிப் பாயில் கிடக்கிறேன். கூரை அதே கூரைதான். ஆனால் இப்போது பல்லியை அமைதியாகப் பார்க்க முடிகிறது.

"என்ன அங்கிள், இன்னிக்குக் கழுத்தே கிடைக்க மாட்டேங்குது?" என்றான் பையன், மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி. "யூடியூப்ல எதாவது பாக்குறீங்களா?"

"புக்கு படிக்கிறேன்பா."

"புக்கா! எனக்கும் குடுங்க அங்கிள், படிச்சிட்டுத் தரேன்."

கேட்கிற பிள்ளைக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? அடுத்த வகுப்புக்கு மறக்காமல் எடுத்துப்போய், டானஹரின் தத்துவத்தை அவன் கையில் கொடுத்தேன். "அவசரமே இல்ல தம்பி, நிதானமாப் படி" என்றேன்.